பாதாளச் சாக்கடையில் மின்கருவி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

சாக்கடைக் குழிகளில் இறங்குகிற பம்ப், கைவிளக்கு, காற்று ஊதும் புளோயர், நீட்டிப்பு கேபிள் எல்லாம் பழுதானால் என் மேசைக்குத்தான் வரும். பல வருடமாகப் பார்க்கிறேன், பொருள்தான் மாறுகிறது, கோளாறு மாறுவதில்லை. அதே ஏழெட்டுக் கோளாறுகள். ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், இரவு நேரத்தில் குழி ஓரத்தில் நிற்பவருக்கு உதவும் என்று தோன்றியது. கண்ணுக்கு என்ன தெரிகிறது, எதை முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்

எந்தக் கோளாறானாலும் உள்ளே இருப்பவர் முதலில் மேலே வந்துவிட வேண்டும். அப்புறம் பிளக்கைக் கழற்றி, சோதிக்கிறவர் தன் கண்முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். போர்டிலிருந்து நேராக இணைப்பு என்றால் சப்ளையைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சில் பூட்டுப் போட்டுச் சாவியை அவரே வைத்திருக்க வேண்டும். கருவியையும் மேலே தூக்கிவிடுங்கள். குழிக்குள் நின்றபடி மூடியைக் கழற்றுவதும், "இப்போ போடு, பார்க்கலாம்" என்று கீழிருந்து குரல் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். காய்ந்த தரையில் நிற்பவர் கையை உதறிக்கொண்டு தப்பிவிடுகிற அதே ஷாக், நனைந்த உடம்போடு ஈரச் சுவரில் சாய்ந்து நிற்பவரை விடாது. சுமார் 10 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விரிக்க முடியாமல் போகலாம்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு முனையுள்ள வோல்ட்டேஜ் டெஸ்டர், மல்டிமீட்டர், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்). ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை நம்பி "கரண்ட் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் நியான் போயிருந்தாலும் அது எரியாது, நல்ல ரப்பர் பூட்ஸ் போட்டு நின்றாலும் சரியாக எரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆள் இறங்காமல் முடிகிற வேலைக்கு ஆளை இறக்காதீர்கள். 230 வோல்ட் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில் எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் நிற்கக் கூடாது.

## அறிகுறி 1: ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். சிலர் இஎல்சிபி என்பார்கள், சிலர் வெறுமனே ட்ரிப்பர் என்பார்கள். எந்தப் பெயரானாலும், 30 மில்லிஆம்பியர் கரண்ட் வெளியே கசிந்தால் விழுந்து சப்ளையை நிறுத்துகிற சாதனம் அது. அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுப்பதும், கழற்றிவிட்டு 100 அல்லது 300 மில்லிஆம்பியர் ரகத்தை மாட்டுவதும் ஒரே தப்புதான். அந்தப் பெரிய ரகங்கள் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வந்தவை, ஆளைக் காப்பாற்றாது. அது எப்போது விழுகிறது என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்விட்ச் போட்ட கணமே விழுந்தால்

கருவியைக் கழற்றிவிட்டு நீட்டிப்பு கேபிளை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு கேபிளில். முதலில் பிளக்கையும் சாக்கெட்டையும் திறந்து பாருங்கள்: உள்ளே தண்ணீர், சேறு, முனையை விட்டு வெளியே நீண்டு எர்த்தைத் தொடுகிற ஓர் இழை. இவற்றைத் துடைத்துக் காயவைத்து மறுபடி முறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்தது ஜாயின்ட். குழிக்குள் போகும் கேபிளில் ஜாயின்டே இருக்கக் கூடாது. டேப் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, "ரெண்டு வருஷமா ஓடுதுங்க" என்று கொண்டு வருகிறார்கள். பிரித்தால் பைக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கிறது. ஜாயின்ட் இருந்தால் அந்த இடத்தில் வெட்டி, இரண்டு குட்டை கேபிளாக மேலே உள்ள வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் மட்டும் போட்டால் நிற்கிறது, கருவியைச் சேர்த்தால் விழுகிறது என்றால் கோளாறு கருவியில். கருவியின் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகப் பிடித்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் வைத்துப் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அது குழிக்குள் போகக் கூடாது. முனைப் பெட்டியைத் திறந்து காயவைத்து மறுபடி பாருங்கள். ஏறினால் ஈரம் பெட்டியில்தான் இருந்திருக்கிறது, பெட்டியின் ரப்பர் வளையத்தை மாற்றினால் சரியாகும். ஏறாவிட்டால் மோட்டாரின் வயிண்டிங்கில் (செம்புக் காயிலில்) ஈரம் இறங்கியிருக்கிறது. அதற்குமேல் காயில் கட்டுபவரிடம் போக வேண்டியதுதான்.

தண்ணீரில் இறக்கியதும் விழுந்தால்

மேலே நன்றாக ஓடுகிறது, தண்ணீர் தொட்டதும் விழுகிறது. கேபிள் உறையில் கீறல், கேபிள் பம்புக்குள் நுழையும் கிளாண்ட், பம்பின் சீல், இந்த வரிசையில் பாருங்கள்.

கேபிளைக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்தபடி முழு நீளத்தையும் உருவிக்கொண்டு வாருங்கள். கண்ணுக்குத் தப்பின கீறலில் துணியின் நூல் மாட்டும். ஒருமுறை பம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மேலே இருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்ததும் நாலைந்து சொட்டுத் தண்ணீர் மேசையில் விழுந்தது. மழையே இல்லாத காலம். கேபிளை உருவிப் பார்த்தால், பம்புக்கு ஒரு முழம் மேலே நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. அதன் வழியே நுழைந்த தண்ணீர், செம்பு இழைகளின் இடுக்குகளில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் கீறல் விழுந்த கேபிளுக்கு டேப் ஒட்டுவது வைத்தியம் ஆகாது என்கிறேன். ஒட்டுகிற நேரத்தில் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கும். முழுக் கேபிளையும் மாற்றுங்கள். பிவிசி உறை வேண்டாம், ரப்பர் உறை உள்ளதை வாங்குங்கள். எச்07ஆர்என்-எஃப் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். தண்ணீரிலேயே கிடக்கப் போகிற பம்புக்கு எச்07ஆர்என்8-எஃப்.

கேபிள் நன்றாக இருந்தால் பம்பை ஒரு டிரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். கேபிளின் மறுமுனை வெளியே காய்ந்திருக்கட்டும், பவர் கொடுக்க வேண்டாம். மூழ்க வைக்கும் முன் ஒரு தடவை, சில மணி நேரம் கழித்து ஒரு தடவை மெக்கர் பாருங்கள். எண் சரிந்திருந்தால் கிளாண்ட் அல்லது சீல். எண்ணெய் அறையின் திருகைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துப் பாருங்கள். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் கீழ்ச் சீல் போய்விட்டது, அதற்குமேல் நீங்கள் திறக்க வேண்டாம், பம்ப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

பத்து இருபது நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால்

குளிர்ந்திருக்கும்போது மெக்கரில் நல்ல எண் காட்டும், அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஓடி விழுந்த உடனே பிளக்கைக் கழற்றி, சூடாக இருக்கும்போதே அளந்து பாருங்கள். குளிரில் 20 மெகாஓம், சூட்டில் 1-க்கும் கீழே என்றால் வயிண்டிங்கின் இன்சுலேஷன் தளர்ந்துவிட்டது. காயில் வேலைதான்.

தனித்தனியாகப் போட்டால் நிற்கிறது, சேர்த்துப் போட்டால் விழுகிறது என்றால்

30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எந்த இடத்திலும் அது விழலாம், 30-க்குள் விழுந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு கருவியிலும் சிறிய கசிவு இருந்தால் எல்லாம் சேர்ந்து அந்த அளவைத் தொட்டுவிடும். கருவி ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்சிசிபி வையுங்கள். அப்படியே எது அதிகம் கசிகிறது என்று மெக்கரில் பார்த்து, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வெளிப்பக்கம் எதையும் இணைக்காமலே விழுந்தால், ஆர்சிசிபியோ அதற்கு அடுத்த ஒயரிங்கோ பழுது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை

சப்ளை வந்திருக்கிறதா, வோல்ட்டேஜ் சரியா என்று முதலில் பாருங்கள். சப்ளை சரியாக இருந்தும் விழவில்லை என்றால் அந்தச் சாதனத்தை அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைத் திறந்து ரிப்பேர் பார்க்கிற வழி கிடையாது. வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும், ஆள் இறங்கும் முன், இந்தப் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும்.

பட்டனுக்கு விழுகிறது, ஆனால் சப்ளை ஜெனரேட்டரிலிருந்து வருகிறது

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டெஸ்ட் பட்டன் ஆர்சிசிபிக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல், ஜெனரேட்டரின் உலோகச் சட்டத்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ஒரு கருவியின் உடம்பில் ஃபேஸ் தொட்டால் கசிவு திரும்பி வர வழி இல்லை, ஆர்சிசிபி அசையாது. அதன்பின் இன்னொரு கருவியில் இரண்டாவது கோளாறு வந்தால், இரண்டையும் தொட்டு நிற்பவர் உடம்பு வழியாக முழு வோல்ட்டேஜும் பாயும். பட்டனுக்கு அது கச்சிதமாக விழுந்திருக்கும், எல்லோரும் பாதுகாப்பு இருக்கிறது என்றே நம்பியிருப்பார்கள்.

சோதனை சுலபம். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, அதன் சாக்கெட்டின் நியூட்ரல் துளைக்கும் சட்டத்தின் எர்த் திருகுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இணைப்பு இருக்கிறது. முடிவில்லாமல் காட்டினால் மிதக்கிறது. அப்போது ஒரு ஜெனரேட்டருக்கு ஒரே ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனை வைத்து அந்த ஜெனரேட்டரின் கையேட்டில் சொன்ன முறையில் இணைக்கச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு ஒயரைப் போட்டு முறுக்காதீர்கள், சில இன்வெர்ட்டர் ரகங்கள் அதைத் தாங்காது.

எர்த் தொடர்ச்சியையும் அப்போதே பாருங்கள்: பிளக்கின் எர்த் பின்னிலிருந்து கருவியின் உலோக உடல் வரை. 50 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குச் சுமார் 0.4 ஓம் வரும். 1 ஓமைத் தாண்டினால் எங்கோ முறுக்குத் தளர்ந்திருக்கிறது, அல்லது இழை அறுந்திருக்கிறது.

## அறிகுறி 3: தொட்டால் சுருக்கென்கிறது

"லேசாத்தான் அடிச்சுது" என்று சொன்னாலும் வேலையை நிறுத்த வேண்டும். எதைத் தொட்டபோது என்று கேளுங்கள்.

கருவியின் உடம்பைத் தொட்டால்

கசிவும் இருக்கிறது, எர்த்தும் அறுந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இப்படி வரும். பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் எர்த் தொடர்ச்சி, அப்புறம் மெக்கர். கோளாறு கிடைக்கும் வரை கருவியில் "போடாதே" என்று அட்டை எழுதிக் கட்டுங்கள். அட்டை இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் எடுத்துப் போட்டுவிடுவார்.

ஏணி, இரும்புப் படி, சுவர் தொட்டால்

உங்கள் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள், ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள். யாரும் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். உங்கள் கருவி ஏதாவது ஒன்றில் எர்த் கசிவு இருந்தால் அதை மேலே வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாக் கருவியும் மெக்கரில் நன்றாக இருக்கிறது என்றால், கரண்ட் வெளியிலிருந்து வருகிறது: பக்கத்தில் புதைந்திருக்கும் மின்கேபிளின் உறை கிழிந்திருக்கலாம், தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் கசிவு இருக்கலாம், பக்கத்துக் கட்டடத்தின் எர்த்தில் கோளாறு இருக்கலாம். இதில் உங்களுக்கு வேலையே இல்லை. குழியைச் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். அவர்கள் அளந்து சரிசெய்து சொல்லும் வரை அந்தக் குழியில் யாரும் இறங்கக் கூடாது, மூடியைக்கூட யாரும் தொட வேண்டாம்.

தண்ணீரில் கால் வைத்ததும்

பெரும்பாலும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். அது நடக்கவே கூடாது என்று மேலே சொன்னேன். பம்பைத் தூக்கி, அறிகுறி 1-இல் இருக்கும் டிரம் சோதனையைச் செய்யுங்கள்.

ஷாக் வாங்கினவர் "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கிய மின்சாரம் நெஞ்சைக் கடந்து போயிருக்கும். ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் விளக்கில் ஷாக் அடித்தால்

குழிக்குள் கையில் பிடிக்கும் விளக்குக்கு மிகக் குறைந்த வோல்ட்டேஜ்தான் தர வேண்டும். நகர இடமில்லாத உலோகக் குழாய், ஈரக் குழி போன்ற இடங்களுக்கென்றே ஐஇசி 60364 என்ற சர்வதேச மின் தரநிலையில் 706 என்று தனிப் பகுதி இருக்கிறது. கைவிளக்கு என்றால் மிகக் குறைந்த வோல்ட்டேஜ் மட்டும். கைக்கருவி என்றால் அதே வோல்ட்டேஜ், அல்லது ஒரு கருவிக்கு ஒரு தனி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (உள்ளே வரும் காயிலும் வெளியே போகும் காயிலும் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்திருப்பது). இரண்டுக்கும் மின்மூலம் குழிக்கு வெளியே. நனைந்து நிற்கும் இடத்தில் நான் 25 வோல்ட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை, தண்ணீருக்குள்ளேயே நின்று செய்கிற வேலைக்கு 12.

24 வோல்ட்டில் ஷாக் அடித்தது என்றால் டிரான்ஸ்ஃபார்மரையே சந்தேகப்படுங்கள். ஒருமுறை ஒன்று வந்தது. வெளிவரும் இரண்டு ஒயருக்கு நடுவே மீட்டரில் 24 சரியாகக் காட்டியது. ஆனால் எர்த்துக்கும் அந்த ஒயர்களில் ஒன்றுக்கும் நடுவே வைத்தால் 230. உள்ளே இருந்தது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ஒரே காயிலில் பாதியில் ஒயர் எடுத்திருந்தார்கள். பிளக் தலைகீழாகச் சொருகப்பட்டதும் விளக்கின் இரண்டு ஒயரும் ஃபேஸ் ஆகிவிட்டன. அந்த விளக்கை ஓர் ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

பிளக்கைக் கழற்றிய நிலையில் உள்பக்கப் பின்னுக்கும் வெளிப்பக்க முனைக்கும் நடுவே மெக்கர் பாருங்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. வெளிப்பக்கம் எர்த்தோடு சேர்ந்திருக்கவும் கூடாது. வாங்கும்போது ஐஇசி 61558-2-6 என்று தகட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 4: கைவிளக்கு மங்குகிறது, மினுக்குகிறது

மங்கல். பெரும்பாலும் கேபிள் நீளம்தான். 50 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போனால் போய்வர சுமார் 1.2 ஓம். 24 வோல்ட்டில் 60 வாட் விளக்கு 2.5 ஆம்பியர் இழுக்கும், 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே 60 வாட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வோல்ட்டேஜ் கேபிளிலேயே தீர்ந்துபோகும். இதற்காக டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக் குழிக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 230 வோல்ட் உள்ளே இறங்கிவிடும். எல்இடி விளக்குக்கு மாறுங்கள். 10 வாட் போதும், இழப்பு 1 வோல்ட் அளவில் நின்றுவிடும். இல்லாவிட்டால் தடித்த கேபிள்.

மினுக்கல். தொடர்பு தளர்ந்திருக்கிறது அல்லது கறுத்திருக்கிறது. அறிகுறி 6 பாருங்கள். மினுக்குகிற விளக்கு குழிக்குள் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு மினுக்கலும் ஒரு பொறி. மீத்தேன் காற்றோடு கலந்திருக்கும்போது 0.28 மில்லிஜூல் சக்தியுள்ள பொறி போதும் பற்றுவதற்கு, சாக்கடையில் சேரும் இன்னொரு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அதில் கால் பங்கு. வோல்ட்டேஜ் குறைந்தால் ஷாக் குறையும், ஆனால் பொறிக்கு அது பொருட்டே இல்லை. பேட்டரி டிரில்லும் செல்போனும் சாதாரண டார்ச்சும் இதே கணக்கில்தான் வருகின்றன.

வாயு சேரக்கூடிய குழிக்கு வெடிப்புக்காப்பு விளக்கு வேண்டும். தகட்டில் ஈஎக்ஸ் என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வாயுப் பிரிவு இரண்டு-பி, வெப்ப வகுப்பு குறைந்தது டி3. டி3 என்றால் விளக்கின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாது. டி4 என்றால் 135, அது இன்னும் நல்லது. கண்ணாடியில் விரிசல், ஒரு திருகு காணோம், வேறு ஏதோ ரப்பரை வெட்டி வளையமாகப் போட்டிருக்கிறார்கள், இதில் எது இருந்தாலும் அந்தத் தகட்டுக்கு மதிப்பில்லை. அந்த வகை விளக்கை நீங்களும் திறக்க வேண்டாம், நானும் திறப்பதில்லை. அதற்கென்று சான்று பெற்ற பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

## அறிகுறி 5: பம்ப்

சத்தமே இல்லை. சப்ளை, ஃபியூஸ், மிதவை ஸ்விட்ச் குப்பையில் மாட்டியிருக்கிறதா, இந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் சரி என்றால், சூடேறி உள்ளே இருக்கும் தெர்மல் ஸ்விட்ச் விழுந்திருக்கும். அது குளிர்ந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்காதீர்கள். "மோட்டார் செத்துப்போச்சு" என்று நினைத்து இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழலியில்) கை விட்டிருக்கும் நேரத்தில் பம்ப் தானே ஓடத் தொடங்கும். பிளக் உங்கள் கண்முன் இருக்க வேண்டும்.

உறுமுகிறது, சுற்றவில்லை. துணி, முடி, பிளாஸ்டிக் பை. பிளக்கைக் கழற்றி அடிச்சல்லடையை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் உறுமுகிறது என்றால் ஒற்றை ஃபேஸ் பம்பில் கெப்பாசிட்டர், மூன்று ஃபேஸ் பம்பில் ஒரு ஃபேஸ் காணவில்லை. அதுவும் இல்லையென்றால் கேபிள் மெலிது: ஓடும்போது 10 ஆம்பியர் இழுக்கிற மோட்டார் கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும், அந்த 50 மீட்டர் மெலிந்த கேபிளில் 60 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். உறுமவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், சில நிமிடத்தில் காயில் கருகிவிடும்.

நின்று நின்று ஓடுகிறது. தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் வெளியே தெரிகிறதா? பல பம்புகளுக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. மட்டம் சரி என்றால் சகதி, அப்புறம் பெயரிங்.

ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஹோஸ் மடிந்திருக்கிறதா பாருங்கள். மூன்று ஃபேஸ் என்றால் திசை மாறியிருக்கலாம். இரண்டு ஃபேஸை எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுப்பார். மற்றபடி இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

பம்பை இறக்குவதும் தூக்குவதும் கயிற்றால்தான். கேபிளைப் பிடித்துத் தூக்கினால் முதலில் தளர்வது கிளாண்ட், பிறகு அறிகுறி 1 வந்து சேரும்.

## அறிகுறி 6: பிளக் சுடுகிறது, கருகல் வாடை, செம்பு கறுப்பு

சாக்கடைக் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் அரித்துக் கறுப்பாக்கும். பிளக்கின் உறையை உரித்தால், புது கேபிளில் சிவப்பாகப் பளபளக்க வேண்டிய இழைகள் அடுப்புக்கரி நிறத்தில் இருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்தக் கறுப்பு, கரண்டைத் தடுக்கும், முறுக்கின இடம் சுடும், சுட்டது இன்னும் தளரும்.

பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் கேபிளுக்குள் வாயு ஏறியிருக்கிறது, மாற்றிவிடுங்கள். பிளக்கின் பின்கள் கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அன்றைய வேலையை ஓட்டும், மேலே உள்ள பூச்சு போய் அடுத்த மாதம் இன்னும் வேகமாகக் கறுக்கும். புதிய பிளக் மாட்டுங்கள்.

பின் எல்லாம் சுத்தமாக இருந்தும் கேபிள் சுடுகிறதா? டிரம்மில் சுற்றியபடியே ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். முழுவதும் பிரித்து விரியுங்கள். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் குழி வாயில் தரையில் கிடக்கக் கூடாது, எதன் மேலாவது தூக்கி வையுங்கள். ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது என்கிற குறி) என்று எழுதியிருந்தாலும், இரண்டும் சேர்ந்து வளையம் முழுக்க முறுக்கப்பட்டிருந்தால்தான் அந்த எண் செல்லும்.

## அறிகுறி 7: புளோயர் ஓடுகிறது, உள்ளே காற்று போதவில்லை

குழாய் மடிந்திருக்கும், கிழிந்திருக்கும், அல்லது வளைவு அதிகமாக இருக்கும். அவ்வளவுதான் பெரும்பாலும். வடிகட்டி வலையில் இலை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் எப்போதும் குழிக்கு வெளியே இருக்க வேண்டும். உறிஞ்சும் வாய்ப் பக்கம் ஜெனரேட்டரின் புகை வருகிறதா என்று ஒருமுறை நின்று கவனியுங்கள். வந்தால் கார்பன் மோனாக்சைடை நீங்களே உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஜெனரேட்டரைக் காற்றடிக்கும் திசைக்கு ஏற்றபடி தள்ளி வையுங்கள். புளோயர் நின்றுபோனால் காரணம் தேடுவது பிறகு, ஆள் மேலே வருவது முதலில்.

## அறிகுறி 8: வாயுமானி விசித்திரமாகக் காட்டுகிறது

அலறுகிறது. பழுது என்று நினைக்க வேண்டாம், உண்மை என்று எடுத்துக்கொண்டு ஆளை மேலே ஏற்றுங்கள். சுத்தமான காற்றுக்குக் கொண்டுபோய் வைத்தும் அலறினால் அப்புறம் பழுது பற்றிப் பேசலாம். எரியும் வாயு கீழ் வெடிப்பு எல்லையில் (பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே: இதில் எது வந்தாலும் உள்ளே வேலை கிடையாது. வாடை போய்விட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது.

எப்போதும் பூஜ்யம். இதுதான் எனக்குப் பயம் தருவது. எரியும் வாயுவை அளக்கும் வினையூக்கி சென்சார், சிலிக்கோன் ஆவி பட்டால் செத்துவிடும். பக்கத்தில் சிலிக்கோன் ஸ்ப்ரே, சீலன்ட் வைத்திருந்தாலே போதும். செத்த சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும். தினமும் இறங்கும் முன் சோதனை வாயுவை ஊதிப் பார்த்தால் மட்டுமே உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அந்த வகை சென்சாருக்கு வேலை செய்ய ஆக்ஸிஜனும் வேண்டும், அதனால் ஆக்ஸிஜன் எண்ணை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.

பூஜ்யத்துக்குக் கீழே காட்டுகிறது. அசுத்தக் காற்றில் வைத்து ஆன் செய்து பூஜ்யம் பிடித்திருக்கிறார்கள். குழியை விட்டுத் தள்ளிப் போய் மறுபடி ஆன் செய்யுங்கள்.

ஆக்ஸிஜன் 20.9-க்குப் பதில் 19.9. அலாரம் அடிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு. அது ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது என்றால், இன்னொரு வாயு சுமார் ஐந்து சதவீத இடத்தைப் பிடித்திருக்கலாம். அது என்ன வாயு என்று தெரியும் வரை யாரும் இறங்க வேண்டாம். மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளந்து பாருங்கள். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும்.

சென்சார் மாற்றுவதும் அளவு திருத்துவதும் சேவை மையத்தின் வேலை.

## உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால்

ஷாக்கா, வாயுவா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. தெரிந்துகொள்ள இறங்கவும் கூடாது. உள்ளே போகும் எல்லா மின்சாரத்தையும் மூலத்திலேயே நிறுத்துங்கள், புளோயர் மட்டும் ஓடட்டும். ஒருவர் உடனே தீயணைப்பு மீட்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் பேசட்டும். இடுப்புப் பட்டையோடும் கயிற்றோடும் இறங்கியிருந்தால் முக்காலி வின்ச்சில் மேலே இழுங்கள். கயிறு இல்லாமல் இறங்கியிருந்தால், மூச்சுக்கருவியும் பயிற்சியும் உள்ளவர்கள் வரும் வரை, எவ்வளவு துடித்தாலும், பக்கத்தில் நிற்பவர்களை இறங்க விடாதீர்கள்.

மேலே வந்தவர் மூச்சு விடவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். கை ஓய்ந்தால் அடுத்தவர் தொடரட்டும். ஆம்புலன்ஸில் வருபவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது, வாயுமானி கடைசியாகக் காட்டிய எண்கள் என்ன, பவரை நிறுத்தியது எத்தனை மணிக்கு.